மிதவை வானூர்திப் பறப்பில் சிறுநீர் மேலாண்மை

மிதவை வானூர்திப் பறப்பில் சிறுநீர் மேலாண்மை என்பது, பொறியின் உதவியின்றிக் காற்றின் எழுச்சியை மட்டும் பயன்படுத்திப் பல மணி நேரம் தொடர்ந்து பறக்கும் விமானிகள், பறப்பின் இடையே சிறுநீர் கழிப்பதற்குக் கையாளும் முறைகளையும் கருவிகளையும், அவற்றோடு தொடர்புடைய உடல்நல, பாதுகாப்பு நடைமுறைகளையும் குறிக்கும். கிளைடர் என்று பொதுவாக அழைக்கப்படும் இவ்வானூர்திகளில் கழிவறை கிடையாது. விமானி இருக்கையிலிருந்து எழுந்திருக்கவும் முடியாது. இடையில் தரையிறங்கினால் அன்றைய பறப்பு முடிந்துவிடும். ஆகவே ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்பைத் திட்டமிடும் ஒருவர், காலநிலை, பாதை, உயிர்வளி ஆகியவற்றைப் போலவே இதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டியுள்ளது.

இது வசதி பற்றிய கேள்வி மட்டும் அன்று. சிறுநீர் கழிக்கும் வழி இல்லாதபோது விமானிகள் நீர் அருந்துவதைக் குறைத்துக் கொள்கின்றனர். அதனால் ஏற்படும் நீரிழப்பு கவனத்தையும் முடிவெடுக்கும் திறனையும் பாதிக்கிறது. களைப்பும் கவனக்குறைவும் பறப்பின் இறுதியில், அதாவது தரையிறங்கும் வேளையில், மிக அதிகமாக இருக்கும் என்பதால் இது விமானப் பாதுகாப்பு சார்ந்த ஒன்றாகவே கருதப்படுகிறது.

பின்னணி

மிதவை வானூர்தி விளையாட்டில் நீண்ட நேரம் பறப்பது தொடக்க நிலையிலேயே எதிர்பார்க்கப்படுகிறது. பன்னாட்டு வானூர்தியியல் கூட்டமைப்பு வழங்கும் வெள்ளிப் பதக்கத் தகுதிக்கு ஐந்து மணி நேரம் தொடர்ந்து பறப்பது ஒரு நிபந்தனையாகும். 500 கிலோமீட்டர், 1,000 கிலோமீட்டர் தொலைவுப் பறப்புகள் பெரும்பாலும் ஆறு முதல் பத்து மணி நேரம் வரை நீடிக்கின்றன. 1972 ஏப்ரல் 25 ஆம் நாள் செருமானிய விமானி ஆன்சு-வெர்னர் குரோசே, செருமனியின் லூபெக்கிலிருந்து பிரான்சின் பியாரிட்ஸ் வரை 1,460.8 கிலோமீட்டர் தொலைவை 11 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து கடந்தார். 2003 ஆம் ஆண்டு சனவரியில் கிளவுசு ஓல்மான் அர்கெந்தீனாவின் ஆந்தீசு மலைத்தொடரில் உருவாகும் மலையலைக் காற்றைப் பயன்படுத்தி ஏறத்தாழ 3,009 கிலோமீட்டர் பறந்தார். இத்தகைய பறப்புகள் பகல் பொழுது முழுவதையும் எடுத்துக் கொள்பவை.

பறப்பு நேரத்துக்கென்றே தனியாகச் சாதனைகள் பதியப்பட்ட காலமும் இருந்தது. 1952 ஏப்ரலில் பிரான்சின் சார்லசு அட்சே தனியொருவராக 56 மணி 15 நிமிடம் வானில் இருந்தார். உறக்கமின்மையால் விமானிகள் உயிரிழக்கும் ஆபத்து இருந்ததால் பின்னர் இவ்வகைச் சாதனைகள் ஏற்கப்படுவது நிறுத்தப்பட்டது.

பறக்கும் நேரத்துடன் தரையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். போட்டிகளில் வானூர்திகள் வரிசையாக நிறுத்தப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துச் செல்லப்படுகின்றன. விமானி தன் முறை வருவதற்கு முன்பே பட்டிகளை மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்க நேரிடும். இழுத்துச் செல்லப்பட்ட பின்னும், போட்டியின் தொடக்கக் கோடு திறக்கப்படும் வரை வானில் வட்டமிட்டுக் காத்திருப்பது வழக்கம்.

விமானியறையின் அமைப்பு

ஓர் இருக்கை கொண்ட தற்கால மிதவை வானூர்தியின் விமானியறை, தோள் அகலத்தைவிடச் சற்றே அகன்றது. காற்றுத் தடையைக் குறைப்பதற்காக உடற்பகுதி ஒடுக்கமாக அமைக்கப்படுகிறது. விமானி முதுகை நன்கு பின்னால் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி, ஏறக்குறைய படுத்த நிலையில் இருப்பார். கால்களுக்கு நடுவே கட்டுப்பாட்டுத் தண்டு இருக்கும். தோள், இடுப்புப் பட்டிகளும், சில வானூர்திகளில் கால்களுக்கிடையே வரும் ஐந்தாவது பட்டியும் அவரை இருக்கையோடு பிணைத்திருக்கும். இவற்றுக்கும் உள்ளே, முதுகில் அணிந்துள்ள வான்குடையின் பட்டிகள் தொடைகளைச் சுற்றிச் செல்லும்.

இந்த அமைப்பால் மூன்று சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, ஆடையைத் திறந்து உரிய இடத்தை அடைவதே கடினம். இரண்டாவது, கால்கள் இடுப்புக்கு ஏறக்குறைய சம உயரத்தில் இருப்பதால் சிறுநீர் தானாக வழிந்து ஓடுவதற்கான இறக்கம் மிகக் குறைவு. மூன்றாவது, பெரும்பாலான மிதவை வானூர்திகளில் தானோட்டி கிடையாது. எனவே ஒரு கை எப்போதும் கட்டுப்பாட்டுத் தண்டில் இருக்க வேண்டும் அல்லது உடனே அதற்குத் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

உடலியல் அடிப்படை

நலமான வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை பொதுவாக 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். 150 முதல் 250 மில்லிலிட்டர் சேரும்போதே முதல் உணர்வு தோன்றும். இயல்பான அளவில் நீர் அருந்தும் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீர் கழிக்கிறார். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் எனக் கொண்டால் மணிக்குச் சுமார் 60 மில்லிலிட்டர் ஆகிறது. எட்டு மணி நேரத்தில் இது 500 மில்லிலிட்டர் அளவை எட்டும். அதாவது இயல்பான நிலையிலேயே ஒரு நீண்ட பறப்பு சிறுநீர்ப்பையின் கொள்ளளவை நிரப்பப் போதுமானது.

பறப்பின் சூழல் இவ்வளவை மேலும் கூட்டக்கூடும். அதற்கான காரணங்கள் பின்வருமாறு:

குளிர்: குளிரில் தோலின் குருதிக் குழாய்கள் சுருங்குவதால் உடலின் நடுப்பகுதியில் குருதியின் அளவு கூடுகிறது. உடல் இதை நீர் மிகுதி என்று கொண்டு, சிறுநீர் சுரப்பைக் கட்டுப்படுத்தும் இயக்குநீரின் அளவைக் குறைக்கிறது. இதனால் சிறுநீர் அதிகமாகிறது.

சாய்ந்த இருக்கை: கால்களை நீட்டிச் சாய்ந்திருக்கும்போது, நிற்கும்போது கால்களில் தேங்கும் குருதி மார்புப் பகுதிக்குத் திரும்புகிறது. இதுவும் மேற்கூறிய விளைவையே தருகிறது.

உயரம்: காற்றில் உயிர்வளியின் அழுத்தம் குறையும்போது சிறுநீரகங்கள் கூடுதலாக நீரை வெளியேற்றுகின்றன.

பானங்கள்: காப்பி, தேநீர் ஆகியவற்றிலுள்ள கஃபீன் சிறுநீர்ப் பெருக்கும் தன்மை உடையது. நாள்தோறும் அருந்திப் பழகியவர்களிடம் இவ்விளைவு சிறிதளவே காணப்படும்.

இதற்கு மாறாக, வெப்பமான சூழலில் வியர்வை மிகுதியாக வெளியேறுவதால் சிறுநீர் குறையும். ஒரே பறப்பில் இரண்டு நிலைகளும் மாறி மாறி வரக்கூடும். தாழ்வான உயரத்தில் ஒளிபுகு மூடியின் கீழ் வியர்த்துக் கொண்டிருக்கும் விமானி, சிறிது நேரத்தில் 3,000 மீட்டர் உயரத்தில் குளிரில் நடுங்கலாம்.

நீரிழப்பு

சிறுநீர் கழிக்க வழியில்லாத விமானிகள் கையாளும் எளிய உத்தி, நீர் அருந்தாமல் இருப்பதாகும். படைத்துறை விமானிகளிடையேயும் இப்பழக்கம் உள்ளது. மிதவை வானூர்தியைப் பொறுத்தவரை இது குறிப்பாகத் தீங்கானது. ஒளிபுகு மூடி கண்ணாடி வீடு போல வெப்பத்தைச் சிறைப்படுத்துகிறது. நீண்ட தொலைவுப் பறப்புகளுக்குப் பெயர்பெற்ற நமீபியா, ஆத்திரேலியா, டெக்சசு போன்ற இடங்கள் வறண்ட, வெப்பமான நிலங்களாகும். உயரத்தில் உள்ள வறண்ட காற்றாலும், குழாய் வழியாகச் சுவாசிக்கும் வறண்ட உயிர்வளியாலும் மூச்சின் வழியே ஏற்படும் நீரிழப்பும் கூடுகிறது.

உடல் எடையில் சுமார் இரண்டு விழுக்காடு நீர் குறைந்தால் கவனமும் குறுகிய கால நினைவும் பாதிக்கப்படத் தொடங்குகின்றன. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 1.4 லிட்டர் ஆகும். வெப்பமான நாளில் வியர்வை மூலம் மட்டுமே மணிக்கு அரை லிட்டர் வெளியேறினால் மூன்று மணி நேரத்துக்குள் இவ்வளவு இழக்கப்படும். தாக உணர்வு சற்றுத் தாமதமாகவே தோன்றும் என்பதாலும், களைப்பும் தலைவலியும் நீண்ட பறப்பின் இயல்பான விளைவுகள் என்று எடுத்துக்கொள்ளப்படுவதாலும், பாதிக்கப்பட்ட விமானி அதை உணராமலே இருக்கலாம்.

நீரிழந்த உடலில் குருதியின் அளவு குறைவதால், செங்குத்தாகச் சாய்ந்து வட்டமிடும்போது ஏற்படும் மிகை ஈர்ப்பு விசையைத் தாங்கும் ஆற்றலும் குறைகிறது. மீண்டும் மீண்டும் நீரிழப்புக்கு ஆளாவோருக்குச் சிறுநீரகக் கற்கள் உருவாகும் வாய்ப்பு அதிகம். கல் நகரும்போது ஏற்படும் கடுமையான வலி, வானில் தனியாக இருக்கும் ஒருவரைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடியது. அதனால் சிறுநீரகக் கல் உள்ளவர்களின் பறப்புத் தகுதி மருத்துவர்களால் தனியாக ஆராயப்படுகிறது.

அடக்கி வைத்தலின் விளைவுகள்

போதுமான நீர் அருந்திவிட்டுச் சிறுநீரை அடக்கி வைப்பதும் பாதுகாப்பானது அன்று. 2011 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நலமான எட்டுப் பேர் 15 நிமிடங்களுக்கு ஒரு முறை 250 மில்லிலிட்டர் நீர் அருந்தி, இனி அடக்க முடியாது என்ற நிலை வரும் வரை காத்திருந்தனர். அந்நிலையில் அவர்களுடைய கவனமும் செயல்நினைவும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. விபத்து வாய்ப்பைக் கூட்டுவதாக ஏற்கனவே அறியப்பட்ட நிலைகளில் காணப்படும் சரிவுக்கு இது இணையாக இருந்தது. இவ்வாய்வு அதே ஆண்டில் மருத்துவத்துக்கான இக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. முதலில் சிரிப்பையும் பின்னர் சிந்தனையையும் தூண்டும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் பரிசு இது.

நடைமுறையில், அவசரத்துக்கு ஆளான விமானி தரையிறங்கும் முன் செய்யவேண்டிய சரிபார்ப்புகளை விரைந்து முடிக்க முற்படுவார். சக்கரத்தை இறக்க மறப்பது, ஓடுபாதையை அணுகும் சுற்றைக் குறுக்குவது போன்ற தவறுகளுக்கு இது இடமளிக்கும். மிதவை வானூர்திக்குப் பொறி இல்லாததால், தவறான அணுகலைக் கைவிட்டு மீண்டும் மேலேறிச் சுற்றி வரும் வாய்ப்பு அதற்கு இல்லை.

மருத்துவ நோக்கிலும் நிரம்பிய சிறுநீர்ப்பை ஆபத்தானது. வெறுமையான சிறுநீர்ப்பை இடுப்பெலும்பின் பாதுகாப்பில் இருக்கும். நிரம்பும்போது அது மேலெழுந்து வயிற்றுப் பகுதிக்கு வருகிறது. மோதலின்போது இடுப்புப் பட்டி வயிற்றை அழுத்தினால், நிரம்பிய சிறுநீர்ப்பையின் மேற்பகுதி கிழிந்து சிறுநீர் வயிற்றறைக்குள் கசியக்கூடும். சாலை விபத்துகளில் நன்கு அறியப்பட்ட இக்காயம், அறுவை மருத்துவம் தேவைப்படும் ஒன்றாகும். கரடுமுரடான வயலில் தரையிறங்க நேரிடும் மிதவை வானூர்தி விமானிக்கும் இது பொருந்தும்.

முறைகள்

பைகள்

மிக எளிய முறை, இறுக மூடக்கூடிய நெகிழிப் பையைப் பயன்படுத்துவதாகும். இதற்கென விற்கப்படும் பைகளில் சோடியம் பாலிஅக்ரைலேட்டு என்னும் உறிஞ்சும் தூள் இருக்கும். குழந்தைகளுக்கான அணையாடைகளிலும் இதே பொருள்தான் பயன்படுகிறது. இது தூய நீரைத் தன் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேலாக உறிஞ்ச வல்லது. உப்புகள் நிறைந்த சிறுநீரை அதைவிடக் குறைவாக, சில பத்து மடங்கு அளவே உறிஞ்சும். நீர்மம் கூழாக மாறிவிடுவதால் பை கவிழ்ந்தாலும் சிந்தாது.

இம்முறையின் நன்மை, வானூர்தியில் எந்த மாற்றமும் தேவைப்படாததாகும். குறை, ஒவ்வொரு முறையும் பட்டிகளைச் சற்றுத் தளர்த்தி, உடலை நகர்த்தி, இரு கைகளையும் பயன்படுத்த வேண்டியிருப்பதாகும். குளிர் காலத்தில் பல அடுக்கு ஆடைகளை அணிந்திருந்தால் இது மேலும் கடினமாகும். பயன்படுத்திய பைகளைப் பக்கவாட்டுச் சிறு சாளரத்தின் வழியே வெளியே எறிவது தவறானது. அவை வால்பகுதியில் மோதவோ கீழே உள்ளவர்கள்மீது விழவோ கூடும்.

புற வடிகுழாய்

ஆண் விமானிகளிடையே பரவலாக உள்ளது, ஆணுறை வடிவிலான புற வடிகுழாயாகும். மருத்துவமனைகளில் சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாத நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்ட இக்கருவி, நுனியில் ஒரு குழாய் இணைப்பைக் கொண்டிருக்கும். உட்புறம் உள்ள ஒட்டுப்பொருள் அதைத் தோலோடு பிணைக்கிறது. விமானி இதைத் தரையிலேயே அணிந்து, குழாயை ஆடையின் வழியே வெளியே எடுத்து, வானூர்தியில் உள்ள குழாயோடு அல்லது ஒரு சேகரிப்புப் பையோடு இணைத்துக் கொள்கிறார். பறக்கும்போது பட்டிகளைத் தளர்த்த வேண்டியதில்லை. கைகளும் தேவையில்லை.

இம்முறை சரியாகச் செயற்படச் சில நிபந்தனைகள் உள்ளன:

1. அளவு பொருந்த வேண்டும். பெரிதானால் கசியும், சிறிதானால் குருதியோட்டத்தைத் தடுக்கும். பல விட்டங்களில் இவை கிடைப்பதால் அளந்து தெரிவு செய்தல் வேண்டும்.
2. தோல் உலர்ந்து, எண்ணெய்ப் பசையின்றி இருக்க வேண்டும். அல்லாவிடில் ஒட்டுப்பொருள் பிடிக்காது.
3. உறையின் நுனிப்பகுதி முறுக்கிக் கொள்ளக் கூடாது. முறுக்கினால் சிறுநீர் முன்னே செல்ல வழியின்றி உறை உப்பிக் கழன்றுவிடும். தோல்விகளுக்கு இது முக்கியமான காரணமாகும்.
4. குழாய் எங்கும் மடியாமலும், இயன்ற வரை தொடர்ந்து இறங்குமுகமாகவும் செல்ல வேண்டும். தொடைக்கு அடியிலோ வான்குடைப் பட்டிக்கு அடியிலோ நசுங்கக் கூடாது.

மரப்பால் ஒவ்வாமை உள்ளவர்கள் சிலிக்கோனால் ஆன வகையைப் பயன்படுத்த வேண்டும்.

வெளியேற்றும் குழாய்

பல மிதவை வானூர்திகளில் இருக்கையின் முன்பகுதியிலிருந்து உடற்பகுதியின் அடிப்பக்கம் வரை ஒரு குழாய் பொருத்தப்பட்டிருக்கும். சிறுநீர் இதன் வழியே வெளிக்காற்றில் கலந்து நுண்துளிகளாகச் சிதறி ஆவியாகிறது. சேமித்து வைக்க இடம் தேவையில்லை, அளவுக்கும் வரம்பில்லை என்பன இதன் நன்மைகள்.

குழாயின் வெளிமுனை அமையும் இடம் முக்கியமானது. முனை காற்றோட்டத்தை எதிர்நோக்கி இருந்தால் காற்று உள்ளே புகுந்து சிறுநீரைத் திருப்பித் தள்ளும். பின்னோக்கிச் சரிவாக வெட்டப்பட்டு, உடற்பகுதியின் மேற்பரப்பிலிருந்து சற்று விலகி நீண்டிருந்தால், அங்கு உருவாகும் குறைந்த அழுத்தம் நீர்மத்தை வெளியே இழுக்க உதவும். முனை மேற்பரப்போடு ஒட்டியிருந்தால் சிறுநீர் உடற்பகுதியின் அடியில் பரவி வால்வரை வழியும். இதனால் சில வானூர்திகளில் தேவைப்படும்போது மட்டும் கீழே நீட்டக்கூடிய குழாய் பொருத்தப்படுகிறது.

வெப்ப எழுச்சிகளில் பல வானூர்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வட்டமிடுவது வழக்கம். அவ்வேளையில் வெளியேற்றுவது தவிர்க்கப்படுகிறது. இறக்கைகளில் ஏற்றிய நீர்ச்சுமையை வெளியேற்றும்போதும் இதே கட்டுப்பாடு பின்பற்றப்படுகிறது.

உறிஞ்சும் உள்ளாடைகள்

வளர்ந்தோருக்கான அணையாடைகளை அணிவது மற்றொரு முறையாகும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கைகளும் கண்களும் பறப்பிலேயே இருக்கலாம். ஆயினும் சாய்ந்த நிலையில் அமர்ந்திருக்கும்போது நீர்மம் பின்பக்கமாகச் சேர்வதால், அடைவில் குறிப்பிட்ட அளவை எட்டுவதற்கு முன்பே கசிவு ஏற்படலாம். நீண்ட நேரம் ஈரத்தில் இருப்பது தோலில் எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கும். மேலும், அமர்ந்த நிலையில் ஆடைக்குள் சிறுநீர் கழிப்பதைச் சிறுவயதிலிருந்தே பழகிய உளக்கட்டுப்பாடு தடுக்கிறது. முன்பயிற்சி இல்லாதவர்களுக்குத் தேவையான நேரத்தில் அது இயலாமற்போகலாம்.

பெண் விமானிகள்

மேற்கூறிய கருவிகளிற் பெரும்பாலானவை ஆண் உடலமைப்பைக் கருத்தில் கொண்டு உருவானவை. பெண்களுக்கான உலக மிதவை வானூர்திப் போட்டிகள் 2001 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றன. அவற்றிலும் பல மணி நேரப் பறப்புகளே இடம்பெறுகின்றன. ஆயினும் புற வடிகுழாய்க்கு இணையான, எல்லோருக்கும் பொருந்தும் எளிய கருவி பெண்களுக்கு அமையவில்லை. உடலின் வெளிப்புறத்தில் நீர் புகாதபடி ஒட்டக்கூடிய பரப்பு குறைவாக இருப்பதே இதற்கான அடிப்படைக் காரணமாகும்.

பெண் விமானிகள் பயன்படுத்தும் வழிமுறைகளில் உறிஞ்சும் உள்ளாடைகள் எளிதானவை. புனல் வடிவக் கருவியை ஒரு பையோடு அல்லது வெளியேற்றும் குழாயோடு இணைப்பது மற்றொன்று. இதற்கு இடுப்பை இருக்கையிலிருந்து சற்று உயர்த்த வேண்டும். எனவே பட்டியைத் தளர்த்துவதும் ஆடையில் நீண்ட இழுப்புப் பூட்டு இருப்பதும் தேவைப்படுகின்றன. உடலோடு பொருந்தும் அணையில் சேரும் சிறுநீரை மின்பம்பு மூலம் உடனுக்குடன் உறிஞ்சும் கருவிகளும் உள்ளன. இவை முதலில் போர் விமானிகளுக்காக உருவாக்கப்பட்டவை, விலை மிகுந்தவை.

தகுந்த கருவி இல்லாமை வெறும் இடையூறாக நின்றுவிடுவதில்லை. நீர் அருந்தாமல் இருக்கும் உத்திக்குப் பெண்கள் கூடுதலாகத் தள்ளப்படுகின்றனர். பெண்களின் சிறுநீர் வடிகுழல் குறுகியது என்பதால் அவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று இயல்பாகவே அதிகம். குறைவாக நீர் அருந்துவதும் நெடுநேரம் அடக்குவதும் அவ்வாய்ப்பை மேலும் கூட்டக்கூடும்.

உயரமும் குளிரும்

மலையலைப் பறப்புகளில் வெளி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பல பத்துப் பாகைகள் வரை இறங்கும். அங்கு வெளியேற்றும் குழாயில் தங்கிய சிறிதளவு சிறுநீர் உறைந்து வழியை அடைத்துவிடும். அடுத்த முறை கழிக்கும்போது அடைப்பு இருப்பது தெரியாமற் போனால், நீர்மம் பின்னோக்கித் திரும்பி உறையைக் கழற்றிவிடும். நனைந்த ஆடை வெப்பத்தைக் காக்கும் திறனை இழப்பதால் உடல் வெப்பநிலை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இதனால் கடுங்குளிரில் பறப்பவர்கள் வெளியேற்றும் குழாயைத் தவிர்த்து, விமானியறைக்குள்ளேயே வைக்கும் பைகளை நாடுகின்றனர். சேகரிப்புப் பையின் குழாயையும் ஆடைக்குள் வைத்து உடல் வெப்பத்தால் பாதுகாக்கின்றனர்.

பறப்பின்போது பாதுகாப்பு

சிறுநீர் கழிக்கும் சில நிமிடங்களில் விமானியின் கவனம் சிதறுகிறது. ஆகவே அதற்கான நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்ய வேண்டும். போதிய உயரம் இருக்கும்போது, பிற வானூர்திகள் அருகில் இல்லாதபோது, நேராகச் செல்லும் அமைதியான சறுக்கலின்போது இதைச் செய்வது உகந்தது. வட்டமிடும்போதும், மலைச்சரிவை ஒட்டிப் பறக்கும்போதும், தரையிறங்கும் சுற்றைத் தொடங்கிய பின்னும் இதைத் தவிர்க்க வேண்டும். உணர்வு கடுமையாகும் வரை காத்திராமல், நல்ல சூழல் அமையும்போதே முடித்துவிடுவது சிறந்தது. வேகத்தைச் சீராக்கி, கைவிட்டாலும் வானூர்தி நேராகச் செல்லுமாறு சமன்படுத்திய பின்னரே தொடங்க வேண்டும்.

பட்டிகளைத் தளர்த்துவதில் தனி எச்சரிக்கை தேவை. 1990களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்க வான்படையின் எஃப்-16 வானூர்தி ஒன்று, சிறுநீர்ப் பையைப் பயன்படுத்த விமானி இடுப்புப் பட்டியைக் கழற்றியபோது, அதன் கொளுவி இருக்கைக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுக்கும் இடையே சிக்கிக் கொண்டதால் விபத்துக்குள்ளானது. மிதவை வானூர்தியில் தண்டு கால்களுக்கு நடுவிலேயே இருப்பதால் பை, பட்டி, ஆடை ஆகிய எதுவும் அதன் அசைவைத் தடுக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தளர்த்திய பட்டிகளை உடனே இறுக்க வேண்டும். கொந்தளிப்பான காற்றில் பட்டி தளர்ந்திருந்தால் தலை மூடியில் மோதும். வான்குடையின் பட்டிகளை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது.

எந்த முறையாயினும், முதல் முயற்சி வானில் நடைபெறக் கூடாது என்பது பொதுவான அறிவுரையாகும். வீட்டில், சாய்ந்து கால் நீட்டிய நிலையில், பறப்பில் அணியும் அதே ஆடையுடன் சோதித்துப் பார்ப்பதால் அளவுப் பிழை, கசிவு, உளத்தடை ஆகியவை முன்பே தெரியவரும்.

வானூர்தியின் பராமரிப்பு

சிறுநீரில் உப்புகளும் யூரியாவும் உள்ளன. யூரியா நாளடைவில் நுண்ணுயிரிகளால் அம்மோனியாவாகச் சிதைகிறது. தற்கால மிதவை வானூர்திகளின் உடற்பகுதி கண்ணாடி இழை அல்லது கரிம இழையால் ஆனதால் அது நேரடியாக அரிக்கப்படுவதில்லை. எனினும் கட்டுப்பாட்டுக் கோல்கள், இணைப்புகள், சக்கரத் தொகுதி, சக்கரத் தடை ஆகியன உலோகத்தால் ஆனவை. வெளியேற்றும் குழாய் சக்கரக் குழியினுள் முடிவடையும் வானூர்திகளில் இப்பாகங்கள் அரிப்புக்கு உள்ளாகின்றன. விமானியறைத் தளத்தின் அடியில் கசியும் சிறுநீர் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி, கட்டுப்பாட்டு இணைப்புகளை அரிக்கக்கூடும் என்பதால் அது இன்னும் ஆபத்தானது.

இதைத் தடுக்க, ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் குழாயினுள் நன்னீர் ஊற்றிக் கழுவப்படுகிறது. குழாயின் உட்சுவரில் படியும் உப்புப் படிவுகளை நீர்த்த வினாகிரி கரைக்கும். சக்கரக் குழியும் உடற்பகுதியின் அடிப்பக்கமும் துடைக்கப்பட வேண்டும். ஆண்டுப் பரிசோதனையின்போது குழாயின் இணைப்புகளில் கசிவு உள்ளதா என்று பார்ப்பது நல்லது.

உடல்நலக் குறிப்புகள்

பறப்புக்கு முந்தைய மாலையிலிருந்தே போதிய நீர் அருந்தி, பறப்பின்போது சிறிது சிறிதாகத் தொடர்ந்து அருந்துவது பரிந்துரைக்கப்படுகிறது. ஒரே நேரத்தில் மிகுதியாக அருந்தினால் அதன் பெரும்பகுதி விரைவில் சிறுநீராக வெளியேறிவிடும். வியர்வை மிகுந்த நாட்களில் உப்புச் சேர்ந்த பானங்கள் நீரை உடலில் தக்கவைக்க உதவுகின்றன. சிறுநீரின் நிறம் எளிய வழிகாட்டியாகும். வெளிர்மஞ்சள் போதிய நீரையும், அடர்மஞ்சள் அல்லது பழுப்பு நிறம் நீர்க்குறைவையும் காட்டுகின்றன.

நடுத்தர வயதைக் கடந்த ஆண்களுக்கு முன்னிற்கும் சுரப்பி வீங்குவது இயல்பு. அவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தேவையும், தொடங்குவதில் தடையும் ஒருங்கே ஏற்படலாம். இதற்கான சில மருந்துகள் குருதி அழுத்தத்தைக் குறைக்கும். உயர் குருதி அழுத்தத்துக்கான சில மருந்துகள் சிறுநீரைப் பெருக்கும். சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் மருந்துகள் குருதியிலுள்ள சோடியத்தின் அளவை ஆபத்தான அளவுக்குக் குறைக்கக்கூடும். எனவே பறப்பை முன்னிட்டுத் தாமாக மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ தொடங்குவதோ கூடாது. பறப்பு மருத்துவரின் அறிவுரை பெறுதல் வேண்டும்.

பிற பறப்புகளில்

இதே சிக்கல் வேறு வகைப் பறப்புகளிலும் எழுந்துள்ளது. 1961 மே 5 ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரரான அலன் செப்பர்டின் பயணம் 15 நிமிடமே நீடிப்பதாக இருந்ததால், அவருடைய உடையில் சிறுநீருக்கான ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. ஏவுதல் பல மணி நேரம் தாமதமானதால் அவர் உடையினுள்ளேயே சிறுநீர் கழிக்க நேர்ந்தது. 1962 பெப்ரவரியில் புவியைச் சுற்றிய சான் கிளென் சிறுநீர் சேகரிப்புக் கருவியை அணிந்து சென்றார். 2015 ஆம் ஆண்டு சூரிய ஆற்றலில் இயங்கிய சோலார் இம்பல்சு 2 வானூர்தியில் யப்பானிலிருந்து அவாய் வரை ஏறத்தாழ 118 மணி நேரம் தனியே பறந்த ஆந்திரே போர்சுபெர்க்கின் இருக்கையே கழிவறையாகவும் பயன்படுமாறு வடிவமைக்கப்பட்டிருந்தது.

இவற்றோடு ஒப்பிடும்போது மிதவை வானூர்தியின் நிலை வேறுபட்டது. இதற்கான கருவியைப் பெரும்பாலும் எந்த நிறுவனமும் வழங்குவதில்லை. ஒவ்வொரு விமானியும் மருத்துவக் கடைகளில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு தமக்கு ஏற்றதைத் தாமே அமைத்துக் கொள்கின்றனர். பேசத் தயங்கும் பொருள் என்பதால் புதியவர்களுக்கான பயிற்சியில் இது விடுபட்டுப் போவதுண்டு. நீண்ட பறப்புக்குத் தயாராகும் மாணவருக்குப் பயிற்றுநர் வெளிப்படையாகச் சொல்லித் தர வேண்டியவற்றுள் இதுவும் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

மிதவை வானூர்தி
சிறுநீர்ப்பை
நீரிழப்பு
வடிகுழாய்
வான்குடை
பறப்பு மருத்துவம்